நாற்பத்தொன்பதாம் வீட்டுப் படிவம்

லண்டன்
14.10.1993

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

சுனில் எழுதுவது. நான் நலம். இருமல் ஒன்று பிடித்திருக்கிறது, அதை அம்மாவிடம் சொல்லாதே. சொன்னால் சுக்கும் மிளகும் இடித்து, இந்தியத் தபால் துறை முழுக்க மணக்கும்படி பொட்டலம் அனுப்பிவிடுவாள்.

ஊரில் யார் கேட்டாலும் நான் வக்கீலுக்குப் படிக்கிறேன் என்று சொல்கிறாயாமே. நான் படிப்பது குற்றவியல், அக்கா. களவு, அடிதடி எல்லாம் ஏன் நடக்கிறது, எப்படிக் குறைப்பது என்ற படிப்பு. இங்கே அதில் பெரிய சண்டை. குற்றம் என்பதே பத்திரிகைக்காரனும் போலீசும் சேர்ந்து ஊதிப் பெரிதாக்கிய பூதம் என்கிறார்கள் ஒரு கூட்டத்தார். பிடி, அடி, உள்ளே போடு என்கிறார்கள் இன்னொரு கூட்டத்தார். எங்கள் பேராசிரியர் இரண்டு பேரோடும் சேரமாட்டார். பறிகொடுத்தவளுக்கு அது பூதம் இல்லை, நிஜம்; அதுவும் ஏழை வீட்டில்தான் அதிகம் போகிறது; அந்த நிஜத்தை முதலில் நிஜமாக எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்பது அவர் கட்சி. யதார்த்தவாதிகள் என்று எங்களுக்குப் பெயர். போலீஸ் ஸ்டேஷன் ரிஜிஸ்டரில் ஏறுவது நடந்ததில் கால்பங்குகூட இல்லை என்பது எங்கள் கணிப்பு. மீதியை வீடு வீடாகப் போய் ஜனங்களிடம்தான் கேட்கவேண்டும்.

இங்கே அப்படிக் கேட்டு எழுதிவிட்டார்கள். நம் ஊர் மாதிரி ஓர் எல்லைக் கிராமத்தில் இதுவரை யாரும் கேட்கவில்லை. என் ஆராய்ச்சிக்கு ஐம்பது வீடு போதும். நான் அங்கே வர வழியில்லை. நீ டீச்சர்; எந்த வீட்டு வாசலிலும் உன்னை உட்காரச் சொல்வார்கள். உன்னைத் தவிர யாரை நம்புவேன்? செய்து தருவாயா?

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் அன்புத் தம்பி,
சுனில்குமார்

*

மேலேக்கோணம், பாறசாலை வழி
5.11.1993

அன்புள்ள தம்பி சுனிலுக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். இருமலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஆனால் உன் எழுத்தை அவளுக்கு வாசித்துக் காட்டும்போது இரண்டு வரியைத் தாண்டி வாசித்தேன் என்று கண்டுபிடித்துவிட்டாள். பொட்டலம் தயாராகிறது.

எலே, பறிகொடுத்தவனைக் கேட்டால்தான் களவு தெரியும் என்பதைக் கண்டுபிடிக்கவா விமானம் ஏறிப் போனாய்? நம் பக்கத்து வீட்டு ஆனந்தபாய்க்கு ஒரு கோழி போனால் அவள் சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். அவளிடம் படிவம் நீட்ட வேண்டிய அவசியமே இல்லை. சரி, கிண்டல் போகட்டும். நீ பெரிய படிப்புப் படிக்கிறாய், அதில் என் கையும் ஒன்று இருக்கட்டும். சனி ஞாயிறுகளில் போகிறேன். கேள்வியைத் தமிழில் ஒன்றும் மலையாளத்தில் ஒன்றுமாக எழுதி அனுப்பு. இங்கே ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கிறவர்கள்தானே எல்லாரும்.

நீ என்னை நம்புகிறேன் என்று எழுதிய வரியை மட்டும் இரண்டாம் தடவை வாசித்தேன். அப்பா போனபிறகு இந்த வீட்டில் யாரும் என்னிடம் ஒரு காரியத்தை நம்பி ஒப்படைத்ததாக ஞாபகம் இல்லை. அம்மாவைப் பொறுத்தவரை நான் இன்னும் பால் பொங்கவிடுகிற பெண்.

கம்பளிச் சட்டையைக் கழற்றாதே.

அன்புடன்
அக்கா ஸ்ரீகலா

*

லண்டன்
28.11.1993

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

பொட்டலம் வந்தது. பக்கத்து அறைக்காரன் என்ன மருந்து என்று கேட்டு, ஒரு வாய் குடித்துவிட்டு ஓடிப்போனான்.

படிவங்கள் இதோடு இருக்கின்றன. சில விதிகள் உண்டு, டீச்சருக்கு விதி சொல்கிறேன் என்று கோபிக்காதே. அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதவேண்டும். நீயாக எடுத்துக்கொடுக்கக் கூடாது, வாதாடக் கூடாது. கடந்த பன்னிரண்டு மாதத்தில் நடந்ததை மட்டும் கேட்கவேண்டும். பழைய கதையை அவிழ்க்கவிட்டால் முடிவே இருக்காது. என்ன நடந்தது, செய்தது யார் என்று தெரியுமா, போலீசில் சொன்னீர்களா, சொல்லவில்லை என்றால் ஏன் சொல்லவில்லை. கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

எங்கள் பேராசிரியர் குற்றத்துக்கு நாலு கால் என்பார். செய்தவன், பட்டவன், போலீஸ், ஊர். கட்டிலுக்கு ஒரு கால் குறைந்தாலும் படுக்க முடியாதில்லையா? அதுபோல, இந்த நாலில் ஒன்றை விட்டுவிட்டுப் பேசினால் எந்தக் குற்றமும் விளங்காது என்பார். வேறொரு சாரார், காரணத்தை எல்லாம் தேடாதே, விளக்கைப் போடு, பூட்டைப் போடு, வாய்ப்பை அடை என்கிறார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

வரைபடம் ஒன்று போட்டிருக்கிறேன். கோயில் வளைவில் தொடங்கிக் கால்வாய்க் கரை வரைக்கும். நம் வீட்டைச் சேர்க்காமலே ஐம்பது வீடு அதற்குள்ளேயே வந்துவிடும். கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய் நீ கஷ்டப்பட வேண்டாம்.

உன்
சுனில்

*

மேலேக்கோணம்
20.1.1994

அன்புள்ள தம்பிக்கு,

முப்பத்தாறு வீடு முடிந்தது. பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் பாடம் எடுத்தாலும் தெரிந்திருக்காத சங்கதிகள், இந்த ஆறு வாரத்தில் தெரிந்தன.

முதல் நாள் எல்லாரும் நான் ரேஷன் கார்டு எழுத வந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். பிறகு ஆனந்தபாய் விஷயத்தைப் பரப்பிவிட்டாள். இப்போது என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போடுகிறார்கள். ரப்பர் ஷீட் போனது பதினோரு வீட்டில். தேங்காய் போனதைக் கணக்கெடுத்தால் உன் காகிதம் போதாது. போலீசில் சொன்னவர்கள் இரண்டு பேர் மட்டுமே. ஏன் சொல்லவில்லை என்ற உன் முக்கியக் கேள்விக்குப் பொன்னையன் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "சொல்லப் போனா நம்மளைத்தான் பெஞ்சில இருத்துவினும்." பத்து மரமுள்ள வீட்டுக்காரரில்லை அவர், ஐந்து ஏக்கர் ரப்பர் உள்ளவர். அவருக்கே இப்படி.

என்னை உலுக்கியது வேறொன்று. எந்த இடத்தில் பயம் என்ற கேள்விக்கு, ரப்பர் பால் எடுக்கப் போகிற பெண்கள் பத்தொன்பது பேர் ஒரே இடத்தைச் சொன்னார்கள். கால்வாய்க் கரையில் பனை நிற்கிற திருப்பம். விடியுமுன் அங்கே நின்று துணியைப் பிடித்து இழுக்கிறவன் இருக்கிறான். ஒருத்தியும் இன்னொருத்தியிடம் சொன்னதில்லை. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் நடப்பதாக நினைத்துக்கொண்டு வாயை மூடி வைத்திருக்கிறாள். நான் பேரைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதி, பஞ்சாயத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். போன வாரம் கம்பம் நட்டு விளக்குப் போட்டுவிட்டார்கள்! நீ சொன்ன அந்தச் சாராருக்கு என் நமஸ்காரம்.

பழைய மாதிரி உன்னைப் பரிகாசம் செய்ய மனம் வரவில்லை, மக்கா. கேட்பதற்கு ஓர் ஆள் வந்தால் போதும் என்று எத்தனை பேர் காத்திருக்கிறார்கள். நல்ல படிப்பு படிக்கிறாய்.

அன்புடன்
அக்கா

*

லண்டன்
11.2.1994

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பேராசிரியருக்கு மொழிபெயர்த்து வாசித்தேன். விளக்கு வந்த இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உன் அக்காவுக்குத்தான் பட்டம் கொடுக்கவேண்டும்" என்றார். நான் மறுக்கவில்லை.

மீதி பதினான்கும் மார்ச்சுக்குள் வந்தால் நல்லது. இந்த ஆராய்ச்சி நன்றாக அமைந்தால் இங்கேயே விரிவுரையாளர் வேலைக்கு வழி பிறக்கும் போலிருக்கிறது. பிறகு அம்மாவையும் உன்னையும் ஒரு முறையாவது அழைத்துவந்து பனியைக் காட்டுவேன்.

உன்
சுனில்

*

மேலேக்கோணம்
17.3.1994

அன்புள்ள சுனிலுக்கு,

அம்மா சுகம். படிவங்களை நேற்று ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். நாற்பத்தொன்பது இருக்கும்.

நீ வரைந்த எல்லைக்குள் இரண்டு வீடு பூட்டிக்கிடக்கிறது. ஐம்பது குறையக்கூடாதே என்று பாலம் கடந்து அந்தக் கரையில் இரண்டு வீட்டுக்குப் போனேன். ஐம்பதாம் எண்ணை அனுப்பியிருக்கிறேன். நாற்பத்தொன்பதாம் எண்ணை வைத்துக்கொண்டேன். அது ராஜையா வீடு. நம் தோட்டத்தில் ரப்பர் மரம் கீறிப் பால் வெட்டிக்கொண்டிருந்தாரே, அந்த ராஜையா.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். நீ காலேஜில் படிக்கும்போது, 1985 விருச்சிக மாதத்தில், ரப்பர் ஷீட் உலர்த்துகிற நம் புகைப்புரையிலிருந்து ஷீட் போனதே. அதைப் பற்றி உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது? ஞாபகம் இருப்பதை எல்லாம் எழுது. காத்திருக்கிறேன்.

அக்கா

*

லண்டன்
9.4.1994

அன்புள்ள அக்காவுக்கு,

படிவங்கள் பத்திரமாக வந்தன. உன் கையெழுத்தைப் பார்த்து இங்கே எல்லாருக்கும் ஆச்சரியம்.

நீ கேட்டதற்குப் பதில். பெரிதாக ஒன்றும் ஞாபகம் இல்லை. அந்த மாதம் நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ராஜையா நம் ஷீட்டை எடுத்தான், அவன் வீட்டில் அகப்பட்டது, அப்பா வேலையைவிட்டு நிறுத்தினார், அவ்வளவுதான். பாவம், ஏழ்மை. அதைத்தான் நாங்கள் இங்கே ஆராய்கிறோம். பழையதைக் கிளறி நீ மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. நாற்பத்தொன்பது வீடு எனக்குத் தாராளம். அந்தப் படிவத்தைக் கிழித்துப்போட்டுவிடு.

உன்
சுனில்

*

மேலேக்கோணம்
2.5.1994

சுனிலுக்கு,

கிழிக்கவில்லை. நீ சொன்ன விதிப்படி, சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். எடுத்துக்கொடுக்கவில்லை, வாதாடவில்லை.

நான் போனபோது ராஜையா வாசலில் இருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்று சிரித்தார். நான் கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவி கிருஷ்ணம்மா வந்து, அவருக்கு இரண்டு காதும் கேட்காது என்றாள். ஸ்டேஷனில் மூன்று நாள் வைத்திருந்தார்களே, அப்போது போனதாம். வழக்கு எழுதவே இல்லை, நாலாம் நாள் வெளியே தள்ளிவிட்டார்கள். எழுதாததால் ஸ்டேஷன் ரிஜிஸ்டரில் அது நடக்கவே இல்லை.

அவள் 1985-ல் தொடங்கினாள். நான் உன் விதியைச் சொன்னேன், கடந்த பன்னிரண்டு மாதம் மட்டும் என்று. "அதுலயும் உண்டு டீச்சரே" என்றாள். இந்த பிப்ரவரியில்கூடப் பொன்னையன் பால் வெட்டுக்கு ஆள் தேடியிருக்கிறார். ராஜையா போய் நின்றிருக்கிறார். கள்ளன் கையில் கத்தியைக் கொடுக்க முடியாது என்று கேட் பக்கமே விடவில்லை. ஒன்பது வருடமாக இந்த ஊரில் ஒரு மரம்கூட அவருக்குக் கொடுத்ததில்லை. ஆரியங்கோட்டுக்குப் போய்க் குழி வெட்டுகிறார். காது கேட்காதவனுக்குப் பாதிக் கூலிதானாம்.

இனி, செய்தது யார் என்று தெரியுமா என்ற கேள்வி. சொன்னால் எழுதுவீர்களா என்று கேட்டாள். எழுதுவேன் என்றேன்.

"ஷீட்டு கொண்டுபோனது ஒங்களுக்க கொச்சுப்பிள்ளை ஆக்கும்."

அந்த வீட்டுக்காரர்கள் உன்னைக் கொச்சுப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள், மறந்திருக்கமாட்டாய். சைக்கிள் கேரியரில் ஷீட்டைச் சுருட்டி வாழையிலையால் மூடி, கால்வாய்க் கரை வழியாகக் களியக்காவிளைப் பக்கம் நீ கொண்டுபோனதை அவள் மூன்று காலை பார்த்திருக்கிறாள். மூன்றாம் நாள் நீ சைக்கிளை நிறுத்தி, அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், சினிமாவுக்குத்தான் என்று கெஞ்சினாயாம். பிள்ளை கேட்கிறதே என்று அவளும் சரி சொன்னாள். பிறகு அவள் புருஷனை ஜீப்பில் ஏற்றிய அன்று, நம் கொல்லைப்பக்கம் வந்து உன் காலைப் பிடித்தாளாம். நாளைக் காலையில் சொல்கிறேன் என்றாயாம். மறுநாள் காலையில் நீ மெட்ராஸ் பஸ் ஏறிப் போய்விட்டாய். உன்னை அங்கே மாமா வீட்டில் இருந்து படிக்கவைப்பதாக அப்பா சொன்னார். நானும் உன் பெட்டியில் முறுக்கு வைத்துக் கட்டினேன்.

வரைபடம் ஏன் கால்வாயோடு நின்றது என்று இப்போது தெரிகிறது.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். ராஜையா வீட்டில் போலீஸ்காரர்கள் ஆறு ஷீட் எடுத்தார்கள் அல்லவா. நம் ஷீட் அடிக்கிற மெஷினில், வரி பதிக்கும் ரோலரின் ஓரம் உடைந்திருந்ததால், அதில் அடித்த ஷீட்டில் இடது ஓரம் இரண்டு விரல் அகலத்துக்கு வரி விழாது. ஊருக்கே அது தெரியும். அப்பா பேரைச் சொல்லி, நமச்சிவாயம் பிள்ளை வீட்டு ஷீட் என்று தடவிப் பார்த்தே சொல்வார்கள். ஸ்டேஷனில் என்னைக் கூப்பிட்டு, இது உங்கள் ஷீட்தானா என்று கேட்டார்கள். எங்கள் மெஷினில் அடித்தது என்றேன். பொய் இல்லை. ஆனால் கிருஷ்ணம்மாவின் பத்து சென்டில் எட்டு மரம் நின்றது. மெஷின் வாங்க அவளுக்கு வகையில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா நெய்யாற்றின்கரைக்குப் போகிற நேரம் பார்த்து, அவள் ஷீட்டையும் நம் மெஷினில் அடிக்கவிட்டது நான். ஊரில் மெஷின் உள்ள வீடு எல்லாம் செய்கிற உபகாரம்தான். நம் அப்பாவுக்கு மட்டும் பிடிக்காது. அந்த ஆறும் அவளுடையதாக இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அப்பா என்னைக் கொன்றுவிடுவார் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். பாக்கி முப்பத்துச் சொச்சம் ஷீட்டை ராஜையாதானே எடுத்திருக்கவேண்டும், அப்படியானால் நான் மறைத்தது பெரிய தப்பில்லை என்று ஒன்பது வருடமாக என்னைத் தேற்றிக்கொண்டு வந்தேன். அந்தத் தேறுதலும் இப்போது போயிற்று.

சுனில், நீ அப்போது பத்தொன்பது வயதுப் பிள்ளை. பயந்துவிட்டாய், அது எனக்கு விளங்கும். நானும் பயந்தவள்தான். இப்போது உனக்கு இருபத்தெட்டு. ராஜையாவுக்கு ஒரு கடிதம் எழுது. எடுத்தது நான்தான் என்று உன் கையால் எழுது. நான் அதை ரப்பர்க்காரர் சங்கத்தில் வைத்து வாசிக்கிறேன், என் பங்கையும் சொல்கிறேன். ஊரில் நாலு பேர் கேட்க அவர் கள்ளன் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும் என்கிறாள் கிருஷ்ணம்மா. வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

எழுதுவாய் என்று நம்புகிறேன். நீ என் தம்பி.

அக்கா

*

லண்டன்
16.7.1994

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கருத்தரங்கு, வேலைக்கான நேர்காணல் என்று மூச்சுவிட முடியவில்லை.

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். உன் மனது எனக்குப் புரிகிறது. ஆனால் சிலவற்றை நிதானமாக யோசிக்கவேண்டும். முதலாவது, அந்தச் சம்பவம் பன்னிரண்டு மாத வரம்புக்கு வெளியே நடந்தது. அதனால் நாற்பத்தொன்பதாம் படிவம் முறைப்படி செல்லாது. ஆய்வில் சேர்க்க முடியாதவை என்ற பிரிவில் அதைப் போட்டுவிட்டேன். பழைய நினைவுகள் காலப்போக்கில் உருமாறும் என்பதற்கு நிறைய ஆதாரம் இருக்கிறது. கிருஷ்ணம்மா பொய் சொல்கிறாள் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது, அடித்தது போலீஸ். வேலை தராதது ஊர். ஒரு கல்லூரிப் பையன் சினிமாவுக்கு எடுத்த சில ஷீட்டின்மேல் எல்லாவற்றையும் ஏற்றுவது நியாயமா? நாலு காலையும் பார்க்கவேண்டும் என்றுதானே சொன்னேன்.

மூன்றாவது, அம்மா. அவள் காதுக்கு இது எட்டினால் தாங்கமாட்டாள். அவள் இருக்கும்வரையாவது வேண்டாம். இப்போது ஒரு கடிதம் எழுத்தில் போனால் என் வேலைக்கு என்ன ஆகும் என்பதையும் நீ யோசிக்கவேண்டும். மார்ச்சில் ஊருக்கு வருகிறேன். வேண்டுமானால் அவர்களுக்கு ஏதாவது உதவி செய்துவிடலாம். அதுவரை யாரிடமும் பேசாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
சுனில்

*

மேலேக்கோணம்
25.9.1994

சுனில்குமாருக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. உன்னைப் போலவே நானும் தாமதித்தேன்.

முதலில் அம்மா. அவளுக்காகத்தான் என்று எழுதியிருந்தாய், அதனால் முதலில் அவளிடம்தான் சொன்னேன். பதறவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தக்கூட இல்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். அப்பாவுக்கும் தெரியுமாம். ஜீப் வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டதாம், அதனால்தான் மறுநாளே உன்னை பஸ் ஏற்றிவிட்டார்களாம். எனக்கு மட்டும் சொல்லவில்லை, நான் வாய் பொறுக்கமாட்டேன் என்று. இந்த வீட்டில் எல்லாரும் ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் ஒரே பந்தியில் சோறு தின்றிருக்கிறோம். இப்போது அம்மா என்னிடம் பேசுவதில்லை. நான் சங்கத்தில் பேசப்போகிறேன் என்றதும் நிறுத்தினாள்.

பேசினேன். இந்த மாதம் முதல் ஞாயிறு, ரப்பர் உற்பத்தியாளர் சங்கக் கூட்டத்தில், உரம் பங்கிட்டு முடிந்தபிறகு எழுந்து நின்று சொன்னேன். உன் கடிதம் வரவில்லை, ஆகவே என் வாயால் சொன்னேன். என்னுடையதை முதலில் சொன்னேன், பிறகு உன்னுடையதை. தனுவச்சபுரத்து பஸ்ஸுக்குப் போக எழுந்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். வருடம் இத்தனை ஆனபிறகு எதற்கு டீச்சரே என்று பொன்னையன் கேட்டார். ராஜையாவை நீங்கள் கேட்டில் நிறுத்தியது இந்த வருடம்தானே என்று ஞாபகப்படுத்தினேன்.

கூட்டம் கலைந்ததும் பாலம் கடந்து போனேன். ராஜையாவுக்குக் காது கேட்காது என்பதை மறந்து, வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே போயிருக்கிறேன். கடைசியில் கிருஷ்ணம்மாதான் அவர் காதில் வாயை வைத்துக் கத்தினாள். எடுத்தது கொச்சுப்பிள்ளை என்று டீச்சர் சங்கத்தில் சொல்லிவிட்டாள் என்று. அவருக்குப் புரியவில்லை. மறுபடி கத்தினாள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றுவிட்டார்கள். மூன்றாம் தடவை கத்தும்போது அவள் அழுதுகொண்டே கத்தினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அவருக்கு விளங்கியதும் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பம், நாளைக்கு வெட்டுக்கு வரட்டா?"

வாருங்கள் என்று கையைக் காட்டினேன்.

மார்ச்சில் வருவதாக எழுதியிருந்தாய். வா. பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் பாலம் கடந்து அந்த வீட்டுக்குப் போ. போய்ச் சொல்லிவிட்டு இங்கே வா. அங்கே போகாமல் இந்த வீட்டுப் படி ஏறாதே. அம்மா உனக்குக் கதவு திறப்பாள், எனக்குத் தெரியும். அப்படியானால் அன்று நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன். உன் ஆய்வு நல்லபடியாக வரட்டும். அதில் எனக்கு நன்றி என்று எதுவும் போட்டிருந்தால் எடுத்துவிடு.

மறுநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், உனக்கு அது தெரிந்திருக்கவேண்டும். ஐந்து மணிக்கே வந்துவிட்டார். வெள்ளைவேட்டி உடுத்து வந்தார், பால் வெட்ட வருகிறவர் யாராவது வெள்ளைவேட்டி உடுப்பார்களா? நான் கத்தியைக் கொடுத்தேன். வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். ஒரு மணி நேரம் கழித்து நான் சாயா கொண்டுபோனேன். பன்னிரண்டு மரம் வெட்டியிருந்தார். பட்டையை மட்டும் கீறவேண்டிய கத்தி, பன்னிரண்டிலும் பட்டையைத் தாண்டித் தடியில் இறங்கியிருந்தது. பதின்மூன்றாம் மரத்தடியில் கத்தியை வைத்துவிட்டு, வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படிப் பிடித்தும் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அதுவும் ஸ்டேஷனில் இருந்த அந்த மூன்று நாளில் வந்ததுதான் என்று கிருஷ்ணம்மா பிறகு சொன்னாள். வேலைக்கு ஆகாதவன் என்று ஆகிவிடக்கூடாதே என்று அதை இத்தனை வருடம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார்.

என்னைக் கண்டதும் எழுந்து, வெட்டுப்பட்ட மரங்களைக் காட்டிக் கையைக் கூப்பினார்.

"மரத்தைக் கெடுத்துப்போட்டேன் டீச்சரே. பொறுத்துக்கிடணும்."

நம் மண்ணில் நின்று ஒருவர் மன்னிப்புக் கேட்டாயிற்று, சுனில். அது நீயும் இல்லை, நானும் இல்லை.

ஸ்ரீகலா